பாத்திரக்கடைக் காலண்டரில் என் பெயர்

1

கொழும்பில் இருப்பதை ஊரில் யாருமே வெளிநாடு என்று கணக்கில் சேர்ப்பதில்லை. என் சித்தி மகள் துபாய்க்குப் போனபோது விமான நிலையத்துக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் போய்க் கண்ணைக் கசக்கினார்கள். நான் கிளம்பிய அன்று அண்ணன் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்து, "இந்தா இருக்கு கொழும்பு, சத்தம் போட்டாக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். "அங்கயும் தமிழ்தானே பேசுறாங்க, இட்லி கிடைக்குதுல்ல, அப்புறம் உனக்கென்ன?" இதைக் கேட்காத சொந்தக்காரர் பாக்கி இல்லை. எனக்கென்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பொங்கலோடு பதினோரு வருடம். வெள்ளவத்தையில் கடலில் போய் முடிகிற ஒரு சந்து, அதில் நான்காவது மாடி. என் கணவர் ரஞ்சனுடைய குடும்பம் யாழ்ப்பாணம். சண்டைக் காலத்தில் மதுரைக்கு வந்து என்னோடு ஒரே கல்லூரியில் படித்தவர். கல்யாணமும் அங்கேதான் நடந்தது. மகள் அபிக்கு மூன்று வயதானபோது இங்கே வந்து சேர்ந்தோம். கொட்டாஞ்சேனையில் இவர்கள் குடும்பத்துக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. கடையை நடத்துவது ரஞ்சனின் அண்ணன். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். ரஞ்சன் அங்கே பில் போடுகிறார்.

வந்த முதல் வாரம் மாமி, அதாவது என் மாமியார், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். "பிள்ளை, பேச்சியம்மாள் எண்டா இஞ்ச சனம் சிரிக்கும். நாங்கள் உம்மைப் பவானி எண்டு கூப்பிடுவம், என்ன?"

குரலில் கடுமை எதுவும் இல்லை. தலையைக்கூடத் தடவிக் கொடுத்தார். பேச்சியம்மன் எங்கள் குலசாமி, அப்பா நேர்ந்துகொண்டு வைத்த பெயர் அது. இதைச் சொல்ல வாய் வரவில்லை, மண்டையை ஆட்டிவிட்டேன். அந்த ஆட்டிய மண்டையை இப்போது நினைத்தால் நானே நங்கென்று ஒரு குட்டு வைக்கவேண்டும் போலிருக்கிறது. அன்றிலிருந்து மாடிப்படியில், கடையில், அபியின் பள்ளிக்கூட வாசலில், எங்கேயும் நான் பவானி. இந்த நாட்டில் என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே இடம் விசா அலுவலகம். அதுவும் வருடத்துக்கு ஒரு தடவை.

2

நான் படம் வரைவேன். பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். யாரிடமும் கற்றதில்லை. உள்ளங்கை அகல நோட்டு, கறுப்பு மைப் பேனா, அவ்வளவுதான். அழிரப்பர் கிடையாது, கோடு கோணினால் கோணினதுதான். இங்கே வரைவதைக் கீறுவது என்பார்கள். வந்த புதிதில் சிரித்தேன். இப்போது அந்தச் சொல்தான் எனக்குச் சரியாக இருக்கிறது, ஏனென்றால் நான் பாதி நேரம் கோபத்தில் காகிதத்தைக் கீறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

வரையும்போது காதில் பாட்டு வேண்டும். முன்பெல்லாம் சினிமாப் பாட்டு கேட்டுக்கொண்டு வரைவேன். இப்போது சொல் இருக்கிற எந்தப் பாட்டும் ஆகவில்லை. சொல் வந்தால் கை அதைக் கேட்கப் போய்விடுகிறது. ஒரு வருடமாகத் தவில்தான். யாரோ வடக்கே ஒரு கோயில் திருவிழாவில் போனில் பிடித்த பதிவு, நாற்பது நிமிடம். நடுவே ஒருவர் இருமுகிறார், ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுகிறது, தவில்காரர் எதையும் சட்டை செய்யாமல் அடித்துக்கொண்டே போகிறார். அந்த மனிதரிடம்தான் நான் வரையக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் ரஞ்சன் சிரிக்கிறார். சிரிக்கட்டும். அவர் விடுகிற இடத்தில் என் பேனாவும் காகிதத்தை விட்டு எழும்புகிறது, அடிக்கிற இடத்தில் இறங்குகிறது. ஒரு ஜன்னல் கிராதியை அப்படி வரைந்து பாருங்கள், தெரியும்.

அபி கொரியப் பாட்டு கேட்கிறாள். அவளுக்கு அதன் ஒவ்வொரு அசையும் மனப்பாடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பதினாலு வயது, என்னோடு தமிழ், தோழிகளோடு இங்கிலிஷ், திரீவீல் ஆட்டோக்காரரோடு சிங்களம். என்னோடு பேசும் தமிழும் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. போன மாதம் அவள் பாட்டை வாங்கி நானும் கேட்டுப் பார்த்தேன். எரிச்சல் வருகிற அளவுக்கு நன்றாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

"நல்ல பொழுதுபோக்கு" என்பார்கள் மாடிக்காரர்கள். துணி மடிப்பது பொழுதுபோக்கா? வரைவது மட்டும் ஏன் பொழுதுபோக்கு? கையில் பேனாவோடு கடற்கரைத் தண்டவாளத்துப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் இவர்களுக்கு வீட்டில் வேலையில்லாதவள் என்றுதான் தோன்றுகிறது. சமைத்து, கழுவி, கூட்டிப் பெருக்கிவிட்டுத்தான் ஐயா வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

3

புரட்டாசியில் ஒரு நாள் பெரியத்தான் வீட்டுக்கு வந்தபோது என் நோட்டைப் புரட்டினார்.

"பவானி, நீங்கள் சும்மா கீறிக்கொண்டுதானே திரியிறீங்கள். இந்த முறை கடைக் கலண்டருக்கு எங்கட சந்தியைக் கீறித் தாங்கோவன். எல்லாக் கடைக்காரரும் லட்சுமிதான் அடிக்கினம். நாங்கள் வித்தியாசமாச் செய்வம்."

அந்தச் 'சும்மா' வலித்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஆசை பொங்கியது. பொய் சொல்லமாட்டேன். ஒரு வருடம் முழுக்கக் கொட்டாஞ்சேனை வீடுகளின் சுவரில் என் படம் தொங்கும்!

ஆறு வாரம் போனேன். வெள்ளவத்தையில் பஸ் ஏறி, பைலாப் பாட்டு காதைக் கிழிக்க, நகரத்தை முழுக்கக் கடந்து போகவேண்டும். எங்கள் கடைக்கு எதிரே தேநீர்க் கடையின் மாடியில் ஒரு மூலை. தேவாலயக் குவிமாடம், அதற்கு முன்னால் கோயில் கோபுரம், இரண்டுக்கும் நடுவே மின்கம்பிச் சிக்கல், லாட்டரிச் சீட்டுத் தட்டி, கடை வாசலில் அடுக்கிய அண்டாக்கள். வந்தவர் போனவர் எல்லாம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். கைவண்டி இழுக்கும் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு, நம்ம வண்டிய மட்டும் விட்டுட்டீங்களே" என்றார். அவர் சொன்னது நியாயம். மறுநாள் வண்டியையும் அவரையும் நடுத்தெருவில் வரைந்தேன்.

முடித்த அன்று வலது கீழ் மூலையில் பேச்சியம்மாள் என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை. நோட்டில் எப்போதும் அப்படித்தான் எழுதுவேன். பெரிய தாளில் அதைப் பார்த்ததும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

4

டிசம்பர் முதல் வாரம் மருதானை அச்சகத்திலிருந்து ப்ரூஃப் தாள் வந்தது. ரஞ்சன் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். கோபுரம் இருந்தது. குவிமாடம் இருந்தது. கைவண்டிக்காரரும் இருந்தார். வலது மூலையில் கடையின் பெயர், தொலைபேசி எண், ஒரு குத்துவிளக்குப் படம். என் பெயர் இல்லை.

"என் பேரு எங்க?"

ரஞ்சன் தண்ணீர் குடித்தார். ஒரு முழு டம்ளர் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். பிறகு, "அண்ணைதான் எடுக்கச் சொன்னவர். விசாப் பிரச்சினை வருமாம்" என்றார்.

விசா! என் பாஸ்போர்ட்டில் ஒவ்வொரு வருடமும் ஒரு முத்திரை குத்துகிறார்கள். நான் இவருடைய மனைவியாக இங்கே இருக்கலாம், சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ எந்த வேலையும் செய்யக்கூடாது. இதுதான் அதன் சாரம். காலண்டரில் என் பெயர் வந்தால் நான் வேலை பார்த்ததாக ஆகிவிடுமாம். ஆறு வாரம் பஸ்ஸில் போய் வந்தபோது அது வேலை இல்லை. படத்தை வாங்கிக்கொண்டபோது வேலை இல்லை. கீழே பெயர் எழுதினால் மட்டும் வேலை!

"யாரு அழிச்சது? அச்சகத்துலயா?"

ரஞ்சன் அபியின் அறைப் பக்கம் பார்த்தார்.

அபி காதிலிருந்து பாட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "பெரியப்பா போட்டோ அனுப்பிக் கேட்டவர். போன்ல டூ செகண்ட்ஸ் வேலைம்மா. ஏன் இப்பிடி சீன் போடுறீங்க?"

"என் பேருடி அது! எங்கப்பா வச்ச பேரு. உனக்கு ரெண்டு செகண்டா?"

அவளிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. அவள் முகம் கோணியது. "பேர் வந்தா உங்கள இந்தியாக்கு அனுப்பிடுவாங்க எண்டு பெரியப்பா சொன்னவர். எனக்குப் பயமா இருந்திச்சு. அனுப்பினா நான் என்ன செய்றது?" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிள்ளையைப் பயங்காட்டி அவள் கையாலேயே அம்மாவின் பெயரை அழிக்கவைத்திருக்கிறார். இதற்கு என்ன பெயர் வைப்பது? பேனாவை எடுத்தேன். ப்ரூஃப் தாளில், கோபுரத்துக்கும் குவிமாடத்துக்கும் மேலே, வெறுமையாக விட்டிருந்த வானத்தில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: என் பெயர் எங்கே? அடியில் இரண்டு கோடு போட்டேன். இரண்டாவது கோட்டில் தாள் லேசாகக் கிழிந்தது. அதை அப்படியே மேசையில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

5

மறுநாளே விசாவைப் புதுப்பிக்கும் நாள். கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். ரஞ்சனும் நானும் போனோம். டோக்கன் துண்டு வாங்கி மூன்று மணி நேரம் காத்திருந்தோம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கடைசி எழுத்து சிங்கள நாக்கில் கொஞ்சம் மழுங்கித்தான் வந்தது. இருந்தாலும் முழுப் பெயர். நான் எழுந்து போனேன்.

மேசைக்குப் பின்னால் என் வயதுப் பெண் ஒருவர் இருந்தார். தாள்களைப் புரட்டி முடித்தபின், எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். வீட்டாருக்காக ஒரு படம் வரைந்தேன், அதில் என் பெயரைப் போடலாமா?

ரஞ்சன் முழங்கையால் இடித்தார். "இதையெல்லாம் இஞ்ச கேக்காதையும்."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். "சல்லி கத்தத?" காசு வாங்கினாயா என்று கேட்கிறார்.

"நே." இல்லை என்றேன்.

"ஒயாகெ சித்ரய நே? எஹெனம் நம தான்ன." உன் படம்தானே, அப்படியென்றால் பெயரைப் போடு. சொல்லிவிட்டு, இதைக் கேட்கவா ஒரு ஆள் என்பதுபோல அடுத்த துண்டின் எண்ணைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் ரஞ்சனைப் பிடித்துக்கொண்டேன். "கேட்டீங்கள்ல? இப்ப உண்மையச் சொல்லுங்க."

அவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "அண்ணைக்கு அந்தப் பேர் விருப்பமில்லை. கடைக்கு வாற சனம் ஆர் இந்தப் பேச்சியம்மாள் எண்டு கேக்குமாம். வீட்டு வேலைக்கு நிக்கிற ஆள் எண்டு நினைக்குமாம்."

"உங்களுக்கு?"

அவர் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டார். பதினைந்து வருடம் குடித்தனம் நடத்திய மனிதர். கல்லூரியில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என் பின்னால் சுற்றினார். பஸ் வந்தது, நான் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வழி முழுக்கத் தவில் கேட்டேன். வரையவில்லை. கோபத்தில் வரையலாம், கேவலப்பட்டுப் போய் உட்கார்ந்திருக்கும்போது கை எழும்பாது.

வீட்டுக்கு வந்தால் மேசையில் ப்ரூஃப் தாள் இல்லை. நாங்கள் வெளியே இருந்தபோது பெரியத்தான் கடைப் பையனை அனுப்பி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். அபி சுருட்டி உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். படத்தை ஏற்கெனவே போனில் பார்த்துவிட்ட தைரியத்தில் பெரியத்தான் உறையைப் பிரிக்கவே இல்லை. உறைமேலே 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அப்படியே மருதானைக்கு அனுப்பிவிட்டார்.

6

பத்து நாளில் காலண்டர்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. ரஞ்சன் போன் பண்ணி, "ஒருக்கா கடைக்கு வாரும்" என்றார். குரல் சரியில்லை.

போனேன். பெரியத்தான் ஒரு காலண்டரை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு அச்சகக்காரரோடு போனில் கத்திக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனை வானத்தில், என் கையெழுத்தில், கொட்டையாக: என் பெயர் எங்கே? இரண்டு அடிக்கோடும் இருந்தது. தாள் கிழிந்த இடம்கூட ஒரு சின்னக் கீறலாக அச்சாகியிருந்தது.

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அச்சகக்காரர் மருதானை முஸ்லிம், நிதானமாகப் பேசுகிறவர். "ஏசாதீங்க தொர. ப்ரூஃப்ல எழுதினா அது கரெக்ஷன்தானே? வேற என்னெண்டு நாங்க நினைக்கிற? டிசைன் செய்ற தம்பி சிங்களம். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுத்து வடிவாவும் ஈந்திச்சி, அப்பிடியே ஸ்கேன் பண்ணிப் போட்டுட்டாரு. கவர்ல ஒங்கட ஓகே ஈக்கி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அண்டாக்களைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பெரியத்தான் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

"மானத்தை வாங்கிப்போட்டீங்கள்" என்றார். திருப்பி அச்சடிக்க நாளில்லை. கடைத் தொலைபேசி எண் போட்ட ஸ்டிக்கர்களை வாங்கி, அந்த வரியின் மேல் ஒட்டச் சொன்னார். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் ஒட்டுகிற வேலை அபியின் தலையில் விழுந்தது.

ஜனவரி முதல் சனிக்கிழமை. நான் ரஞ்சனுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அபி தரையில் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டாத காலண்டர்கள் ஏற்கெனவே முப்பது நாற்பது கை மாறிப் போயிருந்தன. அதில் ஒன்றைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் உள்ளே வந்தார். பெரியத்தானுக்குப் பாடம் நடத்தியவர். அவர் வந்தால் பெரியத்தான் எழுந்து நிற்பார்.

"என்ன தம்பி, உங்கட கலண்டரில ஆரோ தன்ர பேரைத் தேடிக்கொண்டு நிக்கிறா?"

"அது பிரஸ்காரன் விட்ட பிழை டீச்சர். வேற ஒண்டு தாறன்."

"எனக்கு வேற வேண்டாம். மூண்டு நாளா விறாந்தையில தொங்குது, போறவாற ஆக்களெல்லாம் கேக்கினம். ஆர் கீறினது?"

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பெரியத்தான் சிரித்தார். தப்பிக்க வழி கிடைத்த சிரிப்பு. "எங்கட பவானிதான் டீச்சர். தம்பியின்ர மனிசி. அந்தா நிக்கிறா."

அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டீச்சரும் தலையை ஆட்டினார். மாமிக்கு ஆட்டிய அதே மண்டை, பதினோரு வருடப் பழக்கம், அன்றைக்கும் ஆடப் பார்த்தது.

"அது அம்மாட பேர் இல்ல."

அபி. ஸ்டிக்கர் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள். காது சிவந்திருந்தது.

"அபி, சும்மா இரு" என்றார் ரஞ்சன்.

"அப்பா, நீங்கதான் சும்மா இருக்கிறீங்க." பிறகு டீச்சரைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, எழுத்துக் கூட்டி வாசிக்கிற அதே திணறலோடு சொன்னாள். "பேச்சியம்மாள். நான்தான் அழிச்சன். சாரி."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் காலண்டரை மேசையில் விரித்து, பாத்திரத்தில் விலை எழுதும் மார்க்கரை எடுத்து என் பக்கம் நீட்டினார். "அப்ப இதில எழுதித் தாரும் பிள்ளை."

நான் குனிந்தேன்.

"பவானி" என்றார் பெரியத்தான்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"பவானி, ஒருக்கா நில்லுங்கோ."

நிமிரவில்லை. அப்படி ஒருவர் அந்தக் கடையில் இல்லை. டீச்சர் அவரைப் பார்த்தார். அபியும் பார்த்தாள். ஒரு வாடிக்கையாளர் கையில் தூக்கிய குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பெரியத்தான் தொண்டையைச் செருமினார். அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வெளியே வர ரொம்ப நேரம் எடுத்தது.

"பேச்சியம்மாள்."

"சொல்லுங்க பெரியத்தான்" என்றேன்.